மூக்கு பற்றிய பதினான்காம் விதி

எங்கள் சங்கத்தின் யாப்பில், அதாவது சட்டதிட்டப் புத்தகத்தில், மூக்கைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. பதினான்காம் விதி. எழுதியவன் நான்தான். அழகான கையெழுத்து, பிழையில்லாத தமிழ் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

சங்கத்தின் முழுப்பெயர் மாத்தளை வறுத்தல் அரைத்தல் தொழில் செய்வோர் நலன்புரிச் சங்கம். மல்லி, மிளகு, சீரகம், செத்தல் மிளகாய் எல்லாம் வறுத்து, அரைத்து, கறித்தூளாக்கி விற்கிறவர்கள் பதினொரு பேர். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அடுப்பில் வறுக்கிற தாச்சிச் சட்டிக்கு முன்னால் நிற்கிற தொழில் இது. தலைவர் சவரிமுத்து மட்டும் தாச்சிக்கு முன்னால் நிற்பதில்லை. அதற்கு ஆள் வைத்திருக்கிறார். அவர் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து தொழில் செய்கிறார்.

நாலு வருடத்துக்கு முன்பு தலைவர் பதவிக்குப் போட்டியிடப் போவதாகப் பஸ்தியாம்பிள்ளை சொன்னார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. தலைவரை எதிர்த்து நிற்பது எப்படி என்று யாப்பில் எழுதப்படவே இல்லை. சவரிமுத்து மூன்று நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஸெய்னு நானா, பஸ்தியாம்பிள்ளைட மூக்கைப் பாத்திருக்கீங்களா?" என்றார். நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

பார்த்திருந்தேன். மூக்கின் இரண்டு பக்கமும் கன்னமும் சிவந்து, நூல் நூலாக மெல்லிய நரம்புகள் ஓடும். மாநிறத் தோலில்கூடத் தெளிவாகத் தெரியும்.

"அது குடிகாரன் மூக்கு. நம்ம சங்கத்துக்கு ஒரு கௌரவம் இருக்கில்ல? நீங்க நல்லா எழுதுவீங்க. ஒரு விதி எழுதுங்க. செயலாளர் எடமும் காலியாத்தான் இருக்கு" என்றார்.

எழுதினேன். 'மதுப் பழக்கத்தின் அடையாளம் முகத்தில், குறிப்பாக மூக்கில், வெளிப்படையாகத் தெரியும் அங்கத்தவர் பதவி வகிக்கவோ, வாக்களிக்கவோ, சங்கத்தின் பொதுக் கடையில் சரக்கு வைக்கவோ தகுதியற்றவர்.' கூட்டத்தில் பஸ்தியாம்பிள்ளை எழுந்து, "நான் தொட்டதே இல்லங்க. அடுப்புச் சூட்டுல வந்தது" என்றார். விசாரிக்கலாமா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சவரிமுத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"விசாரிச்சா உண்மை வெளிய வந்துரும். அப்புறம் எப்படி முடிவு எடுக்கிறது? முடிவை எடுத்துட்டு, அதுக்கான காரணத்தைத் தேடத்தானே இந்தக் கூட்டத்தையே கூட்டியிருக்கோம்!"

இந்தப் பேச்சுக்குக் கைதட்டல் கிடைத்தது. நான் கூட்ட அறிக்கையில், 'சிவந்த மூக்கு கண்முன்னே இருக்கும்போது வேறு சாட்சி தேவையில்லை' என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்து ரசித்தேன். யாப்பின்படி தீர்மானத்தின் பிரதி, முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் பஸ்தியாம்பிள்ளை வீட்டுக்குப் போனது. கையெழுத்து வைத்து வாங்கியது அவர் மனைவி திரேசம்மா.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினொரு வருடம் நானும் பஸ்தியாம்பிள்ளையும் ஒரே கடையில் அருகருகே நின்று பிளேன்டீ குடித்தவர்கள். ஒரு முழ தூரம்தான் இருக்கும். அவரிடமிருந்து மல்லி வாசனையைத் தவிர வேறொரு வாசனை ஒருநாளும் வந்ததில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். சவரிமுத்துவிடம் கையை நீட்டிச் செயலாளர் முத்திரையை வாங்கிக்கொண்டேன்.

பொதுக் கடையில் இடமில்லாமல் போன பஸ்தியாம்பிள்ளை, தூள் பைக்கற்றுகளை உரப்பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி நாவுலச் சந்தைக்குப் போகத் தொடங்கினார். சில நாட்களில் பல்லேகம வரைக்கும் போவாராம். பஸ் நிலையத்தில் என்னைக் கண்டால் சிரிப்பார். நான் அந்த நேரத்தில் ஃபோனைப் பார்ப்பேன்.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு கிழமை இருக்கும். காலையில் என் மனைவி ஸரீனா என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"என்னங்க இது, மூக்குல நூல் நூலா செவப்பு ஓடுது? கன்னத்துலயும் இருக்கு. சிலந்தி கூடு கட்டின மாதிரி."

கண்ணாடியில் பார்த்தேன். பஸ்தியாம்பிள்ளையின் மூக்கு என் முகத்தில் இருந்தது. ஸரீனா சுகமில்லையோ என்று பயந்தாள். நான் பயந்தது வேறு காரணத்துக்காக.

அடுத்த கூட்டத்தில் நான் அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தபோது சவரிமுத்து கையைத் தூக்கி நிறுத்தினார். என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஒழுக்க உபகுழுவின் அமைப்பாளர் ஜமால்தீனைப் பார்த்தார். ஜமால்தீன் என் மச்சான் முறை. சின்ன வயதிலிருந்து நான் ஐவேளை தொழுவதைப் பார்த்துவருகிறவர். அவர் எழுந்து வந்து என் மூக்கைக் குனிந்து பார்த்துவிட்டு, "விதி பதினாலுக்குள்ள வருது" என்றார்.

"மச்சான், நான் குடிக்கிறதில்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் மச்சான். ஆனா நான் இங்க எனக்குத் தெரிஞ்சதைச் சொல்ல வரல. உபகுழு சார்பாத்தான் வந்திருக்கேன்."

ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். வைத்தியச் சான்றிதழும், கிடைக்கக்கூடிய சிகிச்சை முறைகளின் பட்டியலும் கொண்டுவர வேண்டும். அதைச் சங்கம் ஆராய்ந்து, தகுந்த சிகிச்சையைப் பெரும்பான்மை வாக்கில் தெரிவு செய்யும்.

கண்டியிலிருந்து கிழமைக்கு ஒருநாள் வருகிற தோல் டாக்டரைச் சேனல் பண்ணி, முன்பதிவு நம்பரோடு போய்ப் பார்த்தேன். இளம் டாக்டரம்மா. லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ரத்தக் குழாய் விரிஞ்சு போயிருக்கு. ஆபத்தில்ல. என்ன தொழில் செய்றீங்க?"

"தாச்சியில வறுக்கிறேன் டாக்டர். முப்பது வருஷம்."

"அதுதான். சூடு, வெயில், வயசு. குடும்பவழியாவும் வரும். குடிக்கிறவங்களுக்கும் வரலாம், ஆனா குடிக்காதவங்களுக்குத்தான் நான் அதிகமா பாத்திருக்கேன்."

சிகிச்சை என்ன என்று கேட்டேன். ஒன்றும் செய்யாமல் விடலாம், அதுவும் ஒரு வழிதான் என்றார். வெயில் கிரீம் பூசி, சூட்டிலிருந்து முகத்தைக் காத்துக்கொண்டால் கூடாமல் இருக்கும். போக்கத்தான் வேண்டுமென்றால் லேசர் இருக்கிறது. மூன்று நாலு தடவை போகவேண்டி வரும். நம்முடைய நிறத்துக்கு அதைக் கவனமாக வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கறுப்புத் தழும்பு விழும். மெல்லிய ஊசியால் சுட்டும் எடுக்கலாம். நரம்புக்குள் மருந்து ஏற்றுகிற ஊசி காலுக்குத்தான், முகத்துக்கு வேண்டாம். மறைத்தால் போதுமென்றால் பச்சை நிறம் கலந்த கிரீம் பூசலாம், பச்சை சிவப்பை மறைக்கும்.

"லேசர் வச்சா திரும்ப வராதா?"

"அதே அடுப்புக்கு முன்னாலயே நின்னா திரும்ப வரும்" என்றார். பிறகு, "ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்கு இருந்திச்சு" என்றேன். "இப்பவும் இருக்கு."

"அவரும் வறுக்கிறவரா?"

"ஆமா டாக்டர்."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்லன்னு அவர்கிட்டயும் சொல்லிடுங்க."

நாலு வருடம் நான் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். வெளியே வந்து சுவரோரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தேன்.

அடுத்த கூட்டத்தில் சிகிச்சைப் பட்டியல் விவாதத்துக்கு எடுக்கப்பட்டது. முதலாவது லேசர். ஜமால்தீன் கடுமையாக எதிர்த்தார். லேசர் அடையாளத்தை அழித்துவிடும், அடையாளத்தை அழிப்பது சாட்சியை அழிப்பது, அப்படிச் செய்கிறவன் குற்றவாளி என்றுதான் அர்த்தம் என்றார். ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது, ஒன்றும் செய்யாமல் விடுவது. அடையாளம் அப்படியே இருக்குமாதலால் அதுவும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று நிராகரிக்கப்பட்டது. மூன்றாவது, கால் ஊசி. இதை நீண்டநேரம் பேசினார்கள். யாப்பில் மூக்கு என்றுதான் இருக்கிறது, கால் சங்கத்தின் அதிகாரத்துக்குள் வராது என்று ஒருவர் சொன்னார். அன்ஸார் என்பவர் தன் சாரத்தைத் தூக்கி, "எனக்குக் கெண்டைக்கால்ல நீல நீலமா இருக்கு, அப்ப நான் எதைக் குடிக்கிறேன்?" என்று கேட்டார். அவருடைய காலை ஆராய ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. அதில் அன்ஸாரும் ஓர் அங்கத்தவர்.

சிவப்பை எப்படி அளப்பது என்ற கேள்வியும் வந்தது. பக்கத்து ஹாட்வெயார் கடையிலிருந்து பெயின்ட் நிற அட்டை வாங்கிவரப்பட்டது. அதில் சிவப்பு மட்டும் இருபத்திரண்டு வகை. என் மூக்கோடு வைத்துப் பார்த்து, 'மாலைச் செங்கல்' என்று பதிந்தார்கள். நானே பதிந்தேன், செயலாளர் நான்தானே.

கூட்டம் முடிந்ததும் சவரிமுத்துவைத் தனியாகப் பிடித்தேன். டாக்டரின் கடிதத்தைக் காட்டி, "என்னை விடுங்க தலைவர். பஸ்தியாம்பிள்ளையைப் பத்தி எழுதினதையாவது ரத்துப் பண்ணுவம். அது பிழை" என்றேன்.

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஒண்ணை ரத்துப் பண்ணினா சங்கம் பிழை செஞ்சதா ஆயிரும் நானா. சங்கம் பிழை செய்யாது. பிழை செஞ்சா அங்கத்தவங்கதான் செய்வாங்க. அதுக்குத்தானே அங்கத்தவங்களை வச்சிருக்கோம்."

தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பு ஸரீனா, தெருமுனையில் நிஹ்லா வைத்திருக்கும் பென்சிப் பொருள் கடையிலிருந்து அந்தப் பச்சைக் கிரீமை வாங்கி வந்தாள். கல்யாண வீடுகளில் மற்றவர்களுக்கு மேக்கப் போடுவதைப் பார்த்த அனுபவம் மட்டும்தான் அவளுக்கு. அள்ளிப் பூசிவிட்டாள். நான் கூட்டத்துக்குப் போனபோது மூக்கு வெண்டிக்காய் நிறத்தில் இருந்தது. ஜமால்தீன் அட்டையை வைத்துப் பார்த்தார். அட்டையில் பச்சை இருந்தது, விதியில் இல்லை. பச்சை மூக்குள்ளவர் செயலாளராக இருக்கலாமா என்று ஒன்றரை மணித்தியாலம் பேசினார்கள். முடிவில், இனிமேல் எல்லா அங்கத்தவரும் முகம் கழுவிய பிறகே உள்ளே வரவேண்டும் என்று தீர்மானமாயிற்று. வாசலில் ஒரு பேசினும், சவர்க்காரமும், ஒரே ஒரு துவாயும் வைக்கப்பட்டன.

அங்கேதான் சங்கம் சறுக்கியது. நாங்கள் எல்லோரும் வேலைத்தலத்திலிருந்து நேரே கூட்டத்துக்கு வருகிறவர்கள். முகத்தில் ஒரு படை மஞ்சளும் மிளகாய்த் தூளும் எப்போதும் இருக்கும். தூளையும் மீறித் தெரிந்த எங்கள் இரண்டு மூக்கைத் தவிர, அதுவரை யாரும் யாருடைய மூக்கையும் சுத்தமாகப் பார்த்ததே இல்லை. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அன்ஸாருடைய மூக்கில் நூல் நூலாக ஓடியது. அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் ஓடியது. ஜமால்தீன் நிற அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், அவருடைய இரண்டு கன்னமும் 'திருவிழாச் சிவப்பு'. என்னோடு சேர்த்து ஏழு பேர் அன்றே தகுதியிழந்தோம். பஸ்தியாம்பிள்ளை ஏற்கெனவே வெளியே. மிச்சம் மூன்று மூக்கு.

கூட்டம் நடக்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். விதியை மாற்றக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு ஏழு சுத்தமான மூக்கு வேண்டும். மூன்று மூக்கை வைத்துக்கொண்டு பதினான்காம் விதியை யாரும் தொடமுடியாது. நான் எவ்வளவு கெட்டியாக எழுதியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சவரிமுத்து மேசையில் அடித்தார். "இத்தனை குடிகாரனோடயா நான் இவ்வளவு நாள் ஒக்காந்திருந்தேன்! அடுப்புச் சூடாம், வயசாம்! நான் இருவத்தஞ்சு வருஷமா நல்ல நாள் பெரிய நாள்னு பாக்காம ஒருநாள் தவறாம சாராயம் எடுக்கிறேன். என் மூக்கைப் பாருங்க! ஏதாவது இருக்கா?"

எல்லோரும் பார்த்தோம். அவருடைய மூக்கு உண்மையிலேயே பளபளவென்று சுத்தமாக இருந்தது. 'தலைவர் தமது மூக்கை உதாரணமாகக் காட்டினார்' என்று எழுதி அறிக்கையை முடித்தேன். செயலாளராக நான் எழுதிய கடைசி வரி அது.

மறுநாள் பின்னேரம் எல்கடுவ ரோட்டிலிருக்கும் பஸ்தியாம்பிள்ளை வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் நாவுலயிலிருந்து வரவில்லை. திரேசம்மா கதிரை போட்டு பிளேன்டீ தந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்துவிட்டார். உரப்பையை இறக்கினார். என்னைக் கண்டு தலையசைத்தார். செருப்பைக் கழற்றினார். பிறகு நேரே மனைவியிடம் போய் அவர் முகத்துக்கு நேரே குனிந்து வாயைத் திறந்து, "ஹா" என்று ஊதினார்.

திரேசம்மா மூச்சை இழுத்துப் பார்த்தார். "சரி, போய்க் கைகால் கழுவுங்க" என்றார்.

இரண்டு பேர் முகத்திலும் வெட்கமோ கோபமோ இல்லை. செருப்பைக் கழற்றிவைப்பதைப் போலவே அதையும் செய்தார்கள். நாலு வருடம் தினமும் நடந்திருக்கிறது. கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அவரு குடிக்கிறதில்ல. எனக்குத் தெரியும்" என்றேன்.

திரேசம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எப்ப இருந்து தெரியும்?"

"அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் எழுதினீங்க?"

"செயலாளர் பதவி தாறேன்னு சொன்னாங்க."

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, நாலாக மடித்த ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். என் கையெழுத்து. என் அழகான கையெழுத்து. கீழே முத்திரை.

"இவரு மாதாவைத் தொட்டு சத்தியம் பண்ணினாரு. நான் நம்பல. முத்திரை குத்தி, கையெழுத்து வாங்கி, தபால்காரர் கையில தந்த கடுதாசியை நம்பினேன். நீங்க இப்ப வாயால சொல்றீங்க. எதை நம்பச் சொல்றீங்க?"

பஸ்தியாம்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "விடுங்க நானா, பழகிருச்சு" என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஒங்களுக்கும் வந்துருச்சா? தேங்காண்ணெய் மட்டும் தடவாதீங்க, எரியும். ஈரத்துணி கட்டிக்கிட்டு வறுங்க."

அவர் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சங்கத்தின் கடிதத்தாளை எடுத்தேன். முத்திரைப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருந்தது, அதைப் பொறுப்பெடுக்கச் சுத்தமான மூக்குள்ள யாருக்கும் எழுத வராது. 'பஸ்தியாம்பிள்ளை மது அருந்துவதில்லை. அருந்துவதாக நான் எழுதியது பொய். பொய் என்று தெரிந்தே, பதவிக்காக எழுதினேன். அவருடைய மூக்கு அடுப்புச் சூட்டினால் சிவந்தது, என்னுடையதைப் போல.' ஸெய்னுலாப்தீன் என்று கையெழுத்து வைத்து முத்திரை குத்தினேன். அதில் ஒரு வாக்கியம்கூட அழகாக வரவில்லை. பதிவுத் தபாலுக்குக் கொடுக்க மனம் வரவில்லை, மறுநாள் பின்னேரம் கையில் கொண்டுபோனேன்.

திரேசம்மா வாசலில் நின்றபடியே வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"இந்த முத்திரை செல்லுமா?"

"செல்லாது அக்கா. எனக்கு இப்ப பதவியில்ல."

"அப்ப இதுல எழுதியிருக்கிறது?"

"அது உண்மை."

அவர் மூன்றாம் தரமும் வாசித்தார். கடிதத்தை மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, நான் பார்க்காததுபோல முற்றத்தைப் பார்த்தேன்.

நாவுல பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. பஸ்தியாம்பிள்ளை படலையைத் திறந்துகொண்டு வந்தார். உரப்பையை இறக்கினார், செருப்பைக் கழற்றினார், மனைவியிடம் போய்க் குனிந்து வாயைத் திறந்தார்.

திரேசம்மா ஊதவிடாமல் அவர் வாயைக் கையால் மூடினார். "வேணாம். இனி வேணாங்க."

பஸ்தியாம்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டடி பின்னால் போனார். அவர் முகத்தில் அந்தச் சிவந்த நூல்கள் மட்டும் மிச்சமிருக்க, மற்றதெல்லாம் வெளிறிப் போனது.

"ஏன் திரேசா?" என்று கேட்டார். "நான் என்ன பிழை செஞ்சேன்?"

திரேசம்மா என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். பஸ்தியாம்பிள்ளைக்கு முன்னால், பிளேன்டீ குடித்த நாட்களில் நின்ற அதே தூரத்தில் போய் நின்று, வாயைத் திறந்தேன்.